படுகளத்தில் ஐந்தாவது துணி

ஈரம் முழுதாகக் காயாத துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவியோடு ஒரு வாசனை கிளம்பும். மற்றவர்களுக்கு அது வெறும் சூட்டு வாசனை. எனக்கு மட்டும் அதில் மஞ்சளும் வேப்பிலையும் காய்ந்த ஏரி மண்ணும் கலந்து வரும். அந்த மூன்றும் என் வீட்டுக்குள் எங்குமே இல்லை என்று நன்றாகத் தெரிந்தும் வரும். வந்துவிட்டால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வீட்டில் யாராவது முகத்தை மூடிப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்களா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். யாராவது அப்படித் தூங்கினால் போர்வையைக் கழுத்துவரை இறக்கிவிடுவேன். கல்யாணமான புதிதில் என் கணவர் இதற்காக எரிந்து விழுந்தார். பிறகு, இவளுக்கு இது ஒரு கிறுக்கு என்று விட்டுவிட்டார். பிள்ளைகள் "அம்மா செக்கிங் வருது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அரைத் தேங்காய் பன்தான் காரணம் என்று சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள் அல்லவா?

எங்கள் ஊர், காரிமங்கலத்திலிருந்து கம்பைநல்லூர்ப் பக்கம் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரைமேல் நடந்து போக வேண்டிய ஒரு சின்ன ஊர். ஏரியின் அடுத்த கரையில் திரௌபதி அம்மன் கோயில் இருந்தது. கோயிலுக்கு ஊரார் சொன்ன பெயர் "தருமராசா கோயில்", அம்மனுக்குச் சொன்ன பெயர் வெறும் "ஆத்தா". மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை பாதி கடந்து கேழ்வரகும் கடலையும் வீடு வந்து சேர்ந்தபின், ஏரி வற்றி அடிமண் வெடித்துக் கிடக்கும்போது "பாரதம் வைப்பார்கள்". ஏரி வற்றியிருக்க வேண்டும் என்பது முக்கியம், ஏனென்றால் குருட்சேத்திரம் அந்த ஏரிக்குள்தான் நடந்தாக வேண்டும். காப்பு கட்டிப் பதினெட்டு நாள், பிற்பகலில் பாரதக்காரர் ஒருவர் உட்கார்ந்து கதை சொல்வார், இரவில் கூத்து நடக்கும், பதினெட்டாம் நாள் காலையில் "படுகளம்", அன்று மாலை பூ மிதி என்கிற தீமிதி. காப்பு கட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது, கறி, மீன், முட்டை என்று எந்தக் கவிச்சியும் வீட்டுக்குள் வரக் கூடாது. கருவாட்டு வாசம் இல்லாத எங்கள் தெருவில் அந்தப் பதினெட்டு நாளும் பூனைகள்கூட முகம் வாடித்தான் திரியும்.

படுகளம் என்றால் என்ன என்று பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரி மண்ணைக் குழைத்து, ஒரு வீட்டின் நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்வார்கள். கறுப்பு மீசை, பிதுங்கிய கண், சுண்ணாம்பு அடித்த பற்கள். தொடைக்குள் குங்குமம் கரைத்த ஒரு பானையைப் புதைத்து வைத்திருப்பார்கள். பீமன் கதாயுதத்தால் அடித்துப் பானை உடைந்ததும் அந்தச் சிவப்பைத் தொட்டுப் பாஞ்சாலி தன் விரித்த கூந்தலை முடிவாள். அதற்குப் பிறகு பெண்கள் முறத்தாலும் துடைப்பத்தாலும் அந்த மண் உடம்பை அடிப்பார்கள், ஆளுக்கொரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்து தானியக் குதிருக்குள் போட எடுத்துப் போவார்கள். இது பல ஊர்களிலும் உண்டு. எங்கள் ஊரில் இதோடு இன்னொன்றும் உண்டு. மண் துரியோதனனின் தலைமாட்டில், வெள்ளைத் துணி போர்த்தி, ஐந்து சிறுவர்களைப் படுக்க வைப்பார்கள். அவர்கள் பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகள். போர் முடிந்துவிட்டது என்று நம்பிப் பாசறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அசுவத்தாமன் வந்து, பாண்டவர்கள் என்று நினைத்து வெட்டிப்போட்ட பிள்ளைகள். கதையில் அவர்கள் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் மட்டும் ஆத்தா அவர்களை எழுப்புவாள். மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் தெளித்து, சாட்டையை ஒருமுறை வீசி, பூசாரி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். துணியை உதறிவிட்டுப் பிள்ளை எழுந்து நிற்பான். பெண்கள் குலவை போடுவார்கள். அந்த ஐவருக்கும் பாரதத்தில் என்ன பெயர் என்று பூசாரிக்கே தெரியாது என்று இப்போது நினைக்கிறேன். அந்தந்த வீட்டில் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

எண்பதுகளின் நடுவில் வந்த பாரதத்தில் அந்த ஐந்தாவது பிள்ளையாகப் படுத்தவன் என் தம்பி மாதேஷ். அப்போது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினொன்று.

அவன் படுத்ததற்குக் காரணம் அம்மாவின் வேண்டுதல். அதற்கு முந்தின ஆண்டு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து, ஏறி ஏறி, நாலாம் நாள் கண் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. அப்பா அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தருமபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மா கூடவே ஓடினாள். பஸ்ஸுக்குள்ளேயே அம்மா ஏரிக்கரைப் பக்கம் திரும்பி, இவனைப் பிழைக்க வைத்தால் படுகளத்தில் உன் பிள்ளையாகப் படுக்க வைக்கிறேன் என்று காசு முடிந்துகொண்டாளாம். பன்னிரண்டு நாள் கழித்து அவன் மொட்டைத் தலையோடு நடந்து வந்தான். அன்றிலிருந்து அவன் பாதி எங்கள் வீட்டுப் பிள்ளை, பாதி ஆத்தாவின் பிள்ளை. கொடுத்தவள் திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியும் என்று எனக்கு அந்த வயதிலேயே தோன்றிவிட்டது. 

காப்பு கட்டிய அன்றே பூசாரி ஐந்து வீட்டாரையும் கூப்பிட்டு விதிகளைச் சொல்லிவிட்டார். முதல்நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து படுகளத்தில் எழுந்திருக்கும்வரை பிள்ளையின் பல்லில் ஒன்றும் படக் கூடாது. துணிக்குள் கண் அசரக் கூடாது. அந்தப் பிள்ளைகள் தூக்கத்தில்தான் வெட்டுப்பட்டார்கள், ஆகவே அங்கே தூங்குவது ஆகாது. கூப்பிடுவதற்கு முன் எழுந்திருக்கக் கூடாது, கூப்பிட்ட பின் படுத்திருக்கக் கூடாது. "சுத்தபத்தமா இருந்தா ஆத்தா எழுப்பிடுவா. இல்லாட்டி நான் பொறுப்பில்லீங்க" என்று அவர் சொன்னதை அம்மா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கேட்டாள். இதற்குமேல் அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பேச்சு ஓடியது. நாங்கள் பிறப்பதற்கு முன்னே நடந்த ஒரு பாரதத்தில் எவனோ ஒரு பையன் ஒளித்துத் தின்றுவிட்டுப் படுத்தானாம். எல்லோரும் எழுந்தார்களாம், அவன் மட்டும் எழுந்திருக்கவில்லையாம். எந்த வீட்டுப் பையன், பெயர் என்ன என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. தெரியாததனாலேயே அது எனக்கு முழு உண்மையாகப் பட்டது.

இத்தனை பயம் இருந்தவள் ஒழுங்காக இருந்திருக்க வேண்டாமா? இல்லை. எனக்குப் பயத்துக்குச் சரியாகப் பொறாமையும் இருந்தது. படுகளத்தில் பெண்பிள்ளைகளைப் படுக்க வைக்கமாட்டார்கள். அவனுக்குப் புது மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, நெற்றி நிறையச் சந்தனம். வயதான ஆட்களெல்லாம் "சாமி, நல்லா இருக்கீங்களா" என்று அவனைக் கும்பிட்டார்கள். மூக்கு ஒழுகுவதைக்கூடச் சரியாகத் துடைக்கத் தெரியாத பயல் அந்தப் பதினெட்டு நாளும் என்னிடம் "எனுக்குத் தண்ணி மோந்து குடு" என்று அதிகாரம் செய்தான். மோந்து கொடுக்காவிட்டால் அம்மாவிடம் எனக்குத்தான் அடி.

திருவிழாவுக்குப் பெங்களூரிலிருந்து என் மாமா வந்திருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி, அங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர். வரும்போது பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்களை ஒரு காகிதப் பொட்டலமாகக் கொண்டுவந்தார். உள்ளே சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் வைத்து, மேலே பளபளவென்று இருக்கும். அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பேக்கரிச் சாமான் எல்லாவற்றிலும் முட்டை போடுவார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு தீர்மானம் இருந்தது.

"காப்பு கட்டின வூட்டுக்குள்ள முட்ட போட்டதக் கொண்டாந்திருக்கியே, அறிவிருக்குதா உனுக்கு?"

"இதுல முட்டையெல்லாம் கெடையாதுக்கா. நான் கேட்டுத்தான் வாங்கினேன்."

"போடறப்ப நீ பக்கத்துல நின்னு பாத்தியா?"

 பொட்டலம் பரண்மேல் ஏறியது. பூ மிதி முடிந்தபின் இறக்கலாம் என்று முடிவானது. கீழே இருந்த எனக்கு அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது.

படுகளத்தன்று விடிந்ததும் அம்மா பால்குடத்தோடு கோயிலுக்குப் போய்விட்டாள், அப்பாவும் மாமாவும் பந்தலுக்குப் போய்விட்டார்கள். தம்பியைக் குளிப்பாட்டி, வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கு அழைத்துவர வேண்டியது என் வேலை. அவனைக் குளிப்பாட்டினேன். வேட்டியைச் சுற்றிவிட்டேன். பிறகு ஒரு மூட்டைமேல் ஏறிப் பரணில் கைவிட்டு ஒரு பன்னை உருவிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போனேன். திருடித் தின்பவள் ஒளிந்துகொண்டு தின்றிருக்கலாம். நான் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பார்க்க வேண்டும் என்றுதான் கூட்டிப்போனேன். நீ சாமி, உனக்குக் கும்பிடு. நான் ஒன்றுமில்லாதவள், எனக்குப் பன். அவன் முன்னால் நின்று மெதுவாக, தேங்காய்ப் பூவை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

முதலில் அவன் பன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எச்சில் விழுங்கினான். பிறகு "அக்கா, பசிக்குதுக்கா" என்று மட்டும் சொன்னான். அதிகாரம் எல்லாம் போய், காய்ச்சலில் கிடந்தபோது கேட்ட அதே குரலில் சொன்னான். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மிச்சமிருந்த அரைப் பன்னை அவன் கையில் திணித்தேன். அவன் இரண்டே வாயில் விழுங்கினான்.

விழுங்கி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விரதம் கெட்டது, அதுவும் திருட்டுச் சாமானால் கெட்டது, அதுவும் முட்டையால் கெட்டது. அவன் வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், நாக்கை நீட்டச் சொல்லித் துணியால் தேய்த்தேன், வேட்டியில் விழுந்திருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டேன். அவன் யாரிடமாவது உளறிவிடுவானோ என்ற பயத்தில், தோளைப் பிடித்து உலுக்கி, அடிபம்புக் கதை முழுவதையும் சொன்னேன். "தின்னுட்டுப் படுத்தா ஆத்தா எழுப்பமாட்டா. அப்படியே கெடக்க வேண்டியதுதான். யாருகிட்டயும் மூச்சு விடாத" என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். என் பயத்தைக் குறைத்துக்கொள்ள அவன் தலையில் அதை இறக்கி வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கு நடந்தேன்.

ஏரிக்குள் நாங்கள் போனபோது வெயில் சுளீரென்று ஏறிவிட்டது. பம்பை மேளச் சத்தம் மார்புக்குள் இடித்தது. மண் துரியோதனன் வானத்தை முறைத்துக்கொண்டு கிடந்தான். ஐந்து பேரையும் வரிசையாகப் படுக்க வைத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியை ஒவ்வொருவர்மேலும் தலையிலிருந்து கால்வரை போர்த்தி, அங்கங்கே குங்குமத்தைத் தெளித்தார்கள். கடைசித் துணி மற்றவற்றைவிடச் சின்ன மேடாக இருந்தது. காய்ச்சலில் அப்பா போர்வையில் சுற்றித் தூக்கிப்போனபோதும் அவன் அப்படித்தான் சின்னதாக இருந்தான்.

கூத்தில் பாஞ்சாலி வேடம் கட்டியவர் இண்டூர்ப் பக்கத்து ஆள், மற்ற நாளில் ஏர் ஓட்டுகிறவர். நல்ல உயரம், முறுக்கேறிய கைகள். இரவெல்லாம் ஆடிய களைப்பில் முகப்பூச்சு வேர்வையோடு கோடு கோடாக வழிந்திருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தன. கூந்தலை விரித்துக்கொண்டு, செத்துக் கிடக்கும் பிள்ளைகளைச் சுற்றி வந்து மாரடித்து அழுதார். எல்லாப் பெண்களும் அழுதார்கள், அம்மாவும் அழுதாள். அம்மாவின் அழுகையில் மட்டும் ஒரு நிறைவு இருந்தது, வேண்டுதல் முடியப்போகிறதே என்று. நான் துணி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அனலில் எல்லாமே அலையடித்தது, ஒன்றும் தெரியவில்லை. பானை உடைந்ததும் கூந்தல் முடிந்ததும் நடந்திருக்கும். நான் பார்த்ததாக நினைவே இல்லை.

பூசாரி வேப்பிலைக் கொத்தோடு வந்தார். முதல் பிள்ளைக்குத் தண்ணீர் தெளித்தார், சாட்டை "பளார்" என்றது, பெயரைக் கூப்பிட்டார். எழுந்தான். குலவை. இரண்டாவது பையன் கூப்பிடுவதற்கு முன்பே எழப் பார்த்து, அவன் அப்பனிடம் அதட்டு வாங்கி, மறுபடி படுத்து எழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது, நான்காவது. பிறகு கடைசித் துணி.

"மாதேசு, எந்திரி சாமி."

துணி அசையவில்லை.

மறுபடி தெளித்தார். மறுபடி சாட்டை. "மாதேசு, ஆத்தா கூப்புடறா, எந்திரி." இல்லை. மூன்றாவது முறை அவர் குரலில் கொஞ்சம் நடுக்கம் வந்துவிட்டது. பம்பைக்காரர் கை நின்றது.  கூட்டத்தில் யாரோ "தூங்கிட்டானா?" என்று கேட்டார்கள். இன்னொரு குரல் "தூங்கினா போச்சேங்க" என்றது. பூசாரி அம்மா பக்கம் திரும்பி, "பையனுக்கு எதனா குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அம்மா ஓடிப்போய்க் கற்பூரத் தட்டின்மேல் கையை வைத்தாள். "பச்சத் தண்ணி குடுக்கலீங்க. எம்புள்ள வாயில ஒண்ணும் படலீங்க. ஆத்தா மேல ஆணைங்க" என்று கத்தினாள்.

இதைச் சொன்னால் யாருக்கும் புரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நொடியில் என் தம்பியோடு என் அம்மாவையும் நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆத்தாமேல் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் என்ன ஆவார்கள் என்று எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அம்மா செய்தது பொய் என்று அவளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டும். "நாந்தான் குடுத்தேன்" என்று இரண்டே சொல். வாய்வரை வந்தது. கூட்டத்தைப் பார்த்தேன், அப்பா கையைப் பார்த்தேன், அந்தச் சிவந்த கண்ணுக்காரப் பாஞ்சாலியைப் பார்த்தேன்.  நான் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னைப் பற்றி நானே நினைத்துக் கூசுகிற இடம் அதுதான்.

அம்மா துணிமேல் விழப்போனாள். அவளைத் தடுத்தது பாஞ்சாலி. அவர் ஒரு கையால் அம்மாவை விலக்கிவிட்டு, அந்த வேடத்தோடேயே முழங்காலிட்டு, துணியின் ஓரத்தைத் தூக்கி, முடிந்த கொண்டையும் தலையுமாக உள்ளே குனிந்தார். என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. எனக்கு அது ஒரு பொழுது மாதிரி நீண்டது. உண்மையில் நாலைந்து மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். பிறகு அவர் தலையை வெளியே எடுத்து எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால், துணியைத் தலையில் முக்காடாகப் போட்டபடி, மாதேஷ் எழுந்து நின்றான்.

குலவை அந்த ஏரியை உடைத்தது. அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதபடியே சுற்றிச் சுற்றி வந்தாள். எல்லோரும் அவன் காலைத் தொட்டார்கள். வேடக்காரர் பந்தல் பக்கம் நடந்துபோய், திரும்பி நின்று, ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டார். அம்மாவின் தோள்மேல் இருந்து மாதேஷ் கூட்டத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் பரணிலிருந்து பொட்டலம் இறங்கியது. ஒரு பன் குறைவதை அம்மா எலியின் கணக்கில் எழுதிவிட்டாள். முட்டை கிடையவே கிடையாது என்று மாமா மறுபடியும் சொன்னார். மாதேஷ் இரண்டு பன் தின்றான். நான் வேண்டாம் என்றேன். பெரிய அதிசயம்போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஊரில் அது ஒரு கதையாகிவிட்டது. அவன் "ஆத்தா எழுப்பின புள்ள" ஆனான். "ரெண்டு தடவ குடுத்தா எனக்கு" என்று அம்மா ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். அவன் தூங்கும்போது மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பது எனக்குத் தொழிலாகிவிட்டது. அவன் பத்தாவது படிக்கிறவரைக்கும் பார்த்தேன். அம்மாவுக்குத் தலைவலி என்றால் இதுதானோ என்று நினைப்பேன். பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பல வருடம் காத்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. அம்மா எண்பதைத் தொடும்வரை பல் விழாமல் இருந்தாள்.

போன தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். தூக்கத்தில் போனாள், முகத்தை மூடாமல்தான் படுத்திருந்தாள். நான் ஊருக்குப் போனபோது ஏரிக்கரையில் பஸ்ஸே வந்து நின்றது. கரை தார் ரோடு ஆகிவிட்டது. பாதி ஏரியில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருந்தார்கள். மண் துரியோதனனை இப்போது கோயிலுக்கு முன்னால் இருக்கும் சின்ன இடத்தில், கால் மடக்கினது மாதிரிக் குறுக்கிச் செய்கிறார்களாம். பிள்ளைகளைப் படுக்க வைப்பதில்லை. வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் வம்பு என்று ஐந்து மண் பொம்மைகளை வைத்து அவற்றுக்கே தண்ணீர் தெளித்துவிடுகிறார்கள். பொம்மைகள் எழுந்திருப்பதில்லை, அதற்கு யாரும் பதறுவதுமில்லை. பம்பைக்குப் பதில் செண்டை மேளம். பாஞ்சாலி வேடம் கட்டிய இண்டூர்க்காரர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது என்றார்கள்.

அம்மாவை எடுத்த அன்று மாலை வீட்டில் அடுப்பு எரியவில்லை. பங்காளி வீட்டிலிருந்து சோறு வந்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு வேண்டாம் என்றேன். மொட்டையடித்த தலையோடு மாதேஷ் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஓசூர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆள், ஐம்பதை நெருங்குகிறவன், பேச்சே குறைவு. தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "அன்னிக்கு நான் தூங்கலக்கா" என்றான்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்தேன்.

"மூணு தடவ கூப்புட்டதும் காதுல வுழுந்துச்சு. நீதான் சொன்னியே, தின்னுட்டுப் படுத்தா எழுப்பமாட்டான்னு. சரி, நாம செத்துட்டோம்னு நெனச்சிக்கிட்டேன். செத்தவங்களுக்கும் காது கேக்கும் போலன்னு நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். அம்மா கத்தறது கேட்டுச்சு. நான் என்னா பண்றது, செத்துட்டனே."

ஏழு வயதில் அவன் அந்த ஈரத் துணிக்குள் கிடந்ததை நான் அதுவரை வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். அவனை எழவிடாமல் வைத்தது ஆத்தாவும் இல்லை, முட்டையும் இல்லை. நான் சொன்ன ஒரு வாக்கியம். இவ்வளவு வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மா கற்பூரத்து மேல கை வெச்சுச்சே. அது உசுரோட இருக்கறவரைக்கும் எப்படிக்கா சொல்றது?"

அவனும் அதே சத்தியத்துக்குத்தான் பயந்திருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே பயத்தை வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறோம். அந்த வேடக்காரர் உள்ளே குனிந்து என்னதான் சொன்னார் என்று கேட்டேன்.

"பீடி நாத்தம் குப்புன்னு அடிச்சுது. ஏன் சாமி எந்திரிக்கலன்னாரு. நான் செத்துட்டனுங்கன்னேன். அவரு சிரிக்கலக்கா. பசிக்குதான்னு கேட்டாரு. பசிக்குதுங்கன்னேன். செத்தவனுக்குப் பசிக்காது சாமி, எந்திரின்னாரு. அவ்ளோதான்."

தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"உனுக்குப் பசிக்குதா இல்லியா, அதச் சொல்லு."

பசித்தது. அம்மா போய் ஒரு நாள்கூட ஆகவில்லை, வெட்கமில்லாமல் பசித்தது. சோற்றைப் பிசைந்து பாதியை அவன் பக்கம் ஒதுக்கிவிட்டு, மீதியை நான் சாப்பிட்டேன்.